ரோட்டுக்கு முதுகு காட்டிய கட்டிடம்

ஜனவரி 11

தங்கச்சிக்கு,

வால்நட்சத்திரம் வருகிறது, பட்டப்பகலிலேயே தெரியும் என்று பேப்பரில் எல்லாம் போட்டு, ஊரே மொட்டைமாடியில் கழுத்து வலிக்க நின்று, கடைசியில் ஒரு பொட்டுகூடத் தெரியாமல் போனதே, அந்த வருஷம். எண்ணெய்க் கிணறு வைத்திருப்பவர்கள் குழாயை மூடிவிட்டார்கள் என்று பெட்ரோல் பங்கில் காலி வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வரிசை நின்றதே, பொழுது சாய்ந்ததும் கடைகளில் விளக்கை அணைக்க உத்தரவு போட்டார்களே, லிஃப்ட் ஓடாததால் ஆறாவது மாடிப் பல் டாக்டர் வாசலில் ஸ்டூல் போட்டுப் பல் பிடுங்கினாரே, அந்த வருஷம்தான் தபால் பிரிக்கும் கட்டிடத்துக்கு நாங்கள் அஸ்திவாரம் தோண்டினோம். உனக்கு இருபத்திரண்டு முடிந்திருந்தது. இன்ஜினியர் ஆபீசில் படம் வரையும் வேலையில் சேர்ந்து ஏழாவது மாதம்.

இதை எழுதுவது நான் இல்லை. எழுதத் தெரிந்திருந்தால் நமக்குள் இந்தக் கதையே நடந்திருக்காது. என் மகன் பெண்டாட்டி எழுதுகிறாள். பாங்கில் வேலை. நான் சொல்வதை மாற்றாமல் எழுத வேண்டும், முடித்ததும் படித்துக் காட்ட வேண்டும் என்று பேச்சு. ஒரு வார்த்தை விட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். உன் விலாசத்தையும் அவள்தான் தேடிப் பிடித்தாள்.

அந்தக் கட்டிடத்தை இடிக்கப் போகிறார்கள். இடித்துவிட்டு, எதிரில் நிற்கிற கண்ணாடி மாளிகை மாதிரி ஒன்று கட்டப் போகிறார்களாம். போன வாரம் ஒரு அதிகாரி அம்மா என்னைத் தேடி வந்தார். கட்டிடங்களில் கரண்ட் எவ்வளவு போகிறது என்று கணக்கெடுக்கிற வேலை. போகிற இடத்திலெல்லாம் மீட்டர் பெட்டியைத் திறந்து தலையை உள்ளே விடுவதால் தபால்காரர்கள் அவருக்கு மீட்டரம்மா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்ததும் சொன்னார், "ஐயா, நீங்க கட்டினது பசுமைக் கட்டிடம்." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இடிக்கப்போகிற கட்டிடத்துக்குப் பச்சை பெயிண்ட் எதுக்குங்க என்று கேட்டேன். அவர் சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. வெயிலையும் காற்றையும் புரிந்துகொண்டு, கரண்டைக் குறைவாகத் தின்கிற கட்டிடத்துக்கு இப்போது அப்படிப் பெயராம்.

பிறகு பழைய ஃபைலைத் திறந்து படித்தார். இடிப்பதற்குச் சொல்கிற காரணம் அதில் ஒரே வரியில் இருக்கிறது. "வரைவாளரின் பிழையால் திசை மாறிக் கட்டப்பட்டது." உன் பெயரும் இருக்கிறது.

மார்ச் பதினாலாம் தேதி விசாரணை. என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அன்றைக்கு வேலை பார்த்தவர்களில் வேறு யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று மீட்டரம்மா கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றும் இல்லை, நீயும் நானும்தான்.

என்ன சொல்லட்டும்?

அண்ணன்

&nbsp;

பிப்ரவரி 2

அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மருமகளின் கையெழுத்து அழகாக இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது, சொல்லிவிடவும்.

ஐம்பத்தொரு வருடத்தில் வந்த முதல் கடிதம். அதுவும் கட்டிடத்துக்கு உடம்பு சரியில்லை என்பதால். என் கணவர் இறந்ததற்கு வரவில்லை. எனக்குக் கண் அறுவைச் சிகிச்சை நடந்ததற்கு வரவில்லை.

என்ன சொல்லட்டும் என்று கேட்கிறீர்கள். எனக்கு நினைவிருப்பதை எழுதுகிறேன், சரியா என்று பாருங்கள்.

காலை பத்து மணிக்குப் பெரிய இன்ஜினியர் முதல்தடவையாக வேலை நடக்கிற இடத்துக்கு வந்தார். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதத்தில் ஜன்னல் உயரத்துக்குச் சுவர் எழும்பியிருந்தது. கட்டிடத்தின் முகமும் வாசலும் பெரிய ஜன்னல்களும் மேற்கே, புது ரோடு வரப்போகிற பக்கம் இருக்க வேண்டும். அவையெல்லாம் கிழக்கே, மாட்டுவண்டித் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. மேற்குப் பக்கம் ஸ்டோர் ரூமும் மாடிப்படியும் கழிப்பறையும். ரோட்டுக்கு முதுகு காட்டிக்கொண்டு ஒரு தபால் கட்டிடம். மேஸ்திரியான நீங்கள் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக் கட்டியிருந்தீர்கள். அவர் ஆபீசுக்குத் திரும்பி மேஜையைக் குத்தினார். நாலு மணிக்கு அந்த மேஸ்திரி தன்னிடம் இருக்கிற படத்தோடு இங்கே நிற்க வேண்டும், இனி இந்த ஊரில் எவனும் அவனுக்குக் கொத்துக் கரண்டி கொடுக்கக் கூடாது என்றார்.

உங்களுக்கு அப்போது கைக்குழந்தை. அம்மா படுக்கையில். நான் படித்ததே உங்கள் கூலியில்.

மூலப்படத்தில் அம்புக்குறியைப் பிளேடால் சுரண்டிவிட்டு, வடக்கைத் தெற்காக மாற்றிப் போட்டேன். அதிலிருந்து ஒரு புதுப் பிரதி எடுத்தேன். மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு நீங்கள் வேலை செய்கிற இடத்துக்கு வந்து, பலகைக்கு அடியில் நீங்கள் வைத்திருந்த தாளை எடுத்துக்கொண்டு புதியதை வைத்தேன். நாலு மணிக்கு, "சார், நான்தான் அம்பை மாத்திப் போட்டுட்டேன்" என்றேன்.

நீங்கள் கையில் தூக்குக்குண்டோடு நின்றீர்கள். அதையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். குண்டுகூட ஆடுவதை நிறுத்திவிட்டது, நீங்கள் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே என் சீட்டைக் கிழித்தார்கள். பஸ் ஏற்றிவிடவும் நீங்கள் வரவில்லை.

தாள் மாறியது உங்களுக்குத் தெரிந்திருக்காது என்று பல வருடம் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் எழுதுங்கள். கட்டிடம் விழுந்தால் விழட்டும்.

தங்கை

&nbsp;

பிப்ரவரி 13

தங்கச்சிக்கு,

தெரியும்.

என் தாள் நாலாக மடித்து மடித்து நடுவில் ஓட்டை விழுந்தது. ஓரத்தில் என் கட்டைவிரல் சுண்ணாம்பு. ஒரு மூலையில் கம்பி கட்டுகிற ஒற்றைக்காதன் டீ கொட்டிய கறை. எழுத்துத் தெரியாதவனுக்குத் தாளில் வேறு என்ன தெரியும்? கறைதான் தெரியும். பலகைக்கு அடியில் கையை விட்டதுமே இது என் தாள் இல்லை என்று விரல் சொல்லிவிட்டது. நாலு மணிக்கு நீ பேசியபோது எதற்கு என்றும் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் பிழைப்பு போகும் என்று நின்றேன். இதைச் சொல்லும்போது மருமகள் பேனாவை வைத்துவிட்டாள். எழுதும்மா என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். ஒன்பது வயதில் செங்கல் துண்டால் வீட்டுத் தரை பூராவும் கோடு போட்டுவிட்டு, "டேய் அண்ணா, இது உன் வீடு, வாசல் இங்கே" என்று என்னை நிற்கவைத்தவள் நீ. அதற்குத்தான் உனக்குக் கோடு என்று பெயர் வைத்தேன். சரி. அதையும் வாங்கிக்கொள்கிறேன்.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

இடித்துக் கட்டுகிற அளவுக்குச் சிமெண்ட் கிடைக்கவில்லை. அப்படியே முடி என்று உத்தரவு. பெரிய இன்ஜினியர் என் முகத்தைப் பார்க்க மாட்டார், வேலையை மட்டும் சொல்லிவிட்டுப் போவார். குளிர் மெஷின் வைக்கத் திட்டம் இருந்தது. கரண்டு இல்லாத வருஷத்தில் மெஷினாவது ஒன்றாவது, அந்த ஓட்டைகளையும் கம்பிவலை போட்டுக் காற்றுக்கு விட்டுவிட்டேன். மே மாதம் தபால்காரர்கள் குடியேறினார்கள். அந்த மே மாதத்து வெயில் உனக்கு நினைவிருக்கும், ரோட்டில் தார் செருப்பைப் பிடித்து இழுத்தது. பக்கத்து வரி ஆபீசில் பன்னிரண்டு மணிக்கே பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இன்ஷூரன்ஸ் ஆபீசில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். நம் கட்டிடத்தில் விசிறிகூட இல்லாமல் மாலை வரை கடிதம் பிரித்தார்கள்.

ஏன் என்று முதலில் எனக்கே புரியவில்லை. பிறகு ஒருநாள் மூன்று மணிக்கு மேற்குப் பக்கம் போய் நின்றேன். வெயில் முழுவதும் ஸ்டோர் ரூம் சுவரில் அடிக்கிறது. கழிப்பறைக்கு உறைத்தால் யாருக்கு என்ன? ஆள் இருக்கிற கூடம் அந்த அறைகளுக்கு அந்தாண்டை நிழலில் இருக்கிறது. காலை வெளிச்சம் கிழக்கு ஜன்னல் வழியாக நேரே பிரிக்கிற மேஜைமேல் விழுகிறது. தபால் பிரிக்கிறவர்களுக்குக் காலையில்தானே வேலை, விளக்கே வேண்டியதில்லை. மேற்கு வெயிலுக்கென்று நீ அகலமாக வரைந்த சன்ஷேடு கிழக்கே வந்து உட்கார்ந்து, எட்டரை மணிக்கு மேல் வெயிலை உள்ளே விடமாட்டேன் என்கிறது.

பெரிய இன்ஜினியரும் வந்தார். மூன்று மணிக்கு உள்சுவரில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவே இல்லை. அன்றைக்குத்தான் என்னிடம் முதல் வார்த்தை பேசினார். "மேஸ்திரி, அடுத்ததையும் இப்படியே கட்டிடலாமா?"

அதிலிருந்து பதிமூன்று கட்டிடம் கட்டினோம், எல்லாம் மேற்குக்கு முதுகைக் காட்டி. மேற்கே இரட்டைச் சுவர், நடுவில் நாலு விரல் இடைவெளி. கூரைக்குக் கீழே சூடு வெளியேற வழி. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மாவு மில். மாவு மில் முதலாளி மெஷின் வாங்க வைத்திருந்த பணத்தில் இன்னொரு மில்லே போட்டார். பெரிய இன்ஜினியருக்குப் பொன்னாடை, பத்திரிகையில் படம். எனக்கு வீடு, என் மகன் காண்ட்ராக்டர். உனக்கு ஃபைலில் ஒரு வரி. நான் சம்பாதித்ததெல்லாம் நீ பழியை ஏற்றுக்கொண்ட கட்டிடத்தில் முளைத்தது. வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இப்போது மீட்டரம்மா ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். கண்ணாடி மாளிகையும் நம்முடையதும் ஒரே அளவு. அவர்கள் ஒரு மாதத்துக்குக் கட்டுகிற கரண்ட் பில்லில் நம் கட்டிடம் ஒன்பது மாதம் ஓடும். இத்தனை வருஷம் மிச்சமானதில் இதே போல இன்னும் இரண்டு கட்டியிருக்கலாமாம். தபால்காரர்கள் உடம்பு சரியில்லை என்று லீவு போடுவதும் மற்ற ஆபீசைவிடப் பாதிதான்.

ஆனால் விசாரணைக் கமிட்டித் தலைவர் வேறொன்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இது பெரிய இன்ஜினியர் தொலைநோக்கோடு யோசித்துத் திருப்பிக் கட்டியது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம், கட்டிடம் பிழைத்துவிடும். தப்பில் கட்டியது என்றால் காப்பாற்றுவது கஷ்டமாம். என் மகனும் அதையே சொல்கிறான். "அப்பா, தாளைத் தலைகீழாப் பிடிச்ச மேஸ்திரி பையன்னு நாளைக்கு என்னை யாரு கூப்பிடுவாங்க? சாமர்த்தியமாப் பேசிட்டு வந்துடுங்க." அவன் சொன்னதை எழுதும்போது மருமகள் பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்திருக்கிறது, நீயே பார்த்துக்கொள்.

அண்ணன்

&nbsp;

பிப்ரவரி 27

அண்ணா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் வார்த்தையை மட்டும் பல தடவை.

கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். இத்தனை வருடம் கூட இருந்தது, பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒரே நாளில் கிளம்பாது. ஆனால் "கழிப்பறைக்கு உறைத்தால் யாருக்கு என்ன" என்ற இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். உன்னிடமும் சொன்னதில்லை, என் கணவரிடமும் சொன்னதில்லை.

உனக்கு அம்பு தெரியும். தலை இருக்கிற பக்கம் வடக்கு என்று நான்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதுவரை ஆறு கட்டிடம் கட்டினாய், ஒன்றில்கூடத் தப்பு செய்யவில்லை. இதில் மட்டும் ஏன் தப்பு செய்தாய் என்று யோசித்தாயா? எல்லோரும் வெறும் கோடும் முனையும்தான் போடுவார்கள். நான் ஒரு பழைய பூகோளப் புத்தகத்தில் இறகு வைத்த அம்பைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டேன். நான் தனியாக வரைந்த முதல் முழுப் படம் அல்லவா, அழகாக இருக்க வேண்டும் என்று வால் பக்கம் மூன்று அடுக்கு இறகு வைத்தேன். விரிந்த இறகு. தலையோ எறும்பு மாதிரி. நீ இறகைத் தலை என்று எடுத்துக்கொண்டாய். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்திருப்பார்கள். வாசல் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள உனக்கு அங்கே இருந்த ஒரே அடையாளம் மாட்டுவண்டித் தடம், அதுவும் கிழக்கே இருந்தது. சொல்ல வேண்டிய சின்ன இன்ஜினியர் பெட்ரோல் இல்லை என்று பைக்கை நிறுத்திவிட்டார்.

ஆகவே நாலு மணிக்கு நான் சொன்னது முழுப் பொய் இல்லை.

பிறகு முப்பத்தொரு வருடம் பெண்கள் தொழிற்பள்ளியில் படம் வரையச் சொல்லிக்கொடுத்தேன். முதல் நாள் முதல் பாடம், அம்புக்கு இறகு வைக்காதே. ஏன் டீச்சர் என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். எவளுக்கும் பதில் சொன்னதில்லை.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். மடிப்பில் ஓட்டை, ஓரத்தில் சுண்ணாம்பு விரல், மூலையில் டீ. உன் தாள். கிழித்துப்போடத்தான் அன்றைக்கு எடுத்துவந்தேன். முடியவில்லை.

இதில் அம்பு சரியாக இருக்கிறது. இதைக் காட்டினால் வரைந்தவள் மேல் தப்பில்லை, பிடித்தவன் மேல்தான் என்று ஆகிவிடும். காட்டாவிட்டால் பெரிய இன்ஜினியரின் தொலைநோக்கு. காட்டுவதும் அடுப்பில் போடுவதும் உன் கை. எனக்காக என்று எதுவும் செய்யாதே. ஆனால் பொய் சொல்லிக் காப்பாற்றுகிற கட்டிடத்தில் என் கடிதத்தைப் பிரிக்க வேண்டாம்.

உன் மகனிடம் சொல். தப்பு நடந்தது ஒரு நாள்தான். மூன்று மணி வெயிலில் போய் நின்று, ஏன் குளிர்கிறது என்று பார்த்தது அவன் அப்பா.

கோடு

&nbsp;

மார்ச் 16

கோடுக்கு,

நேற்று பூராவும் எழுந்திருக்காமல் தூங்கினேன். அதனால் இன்றைக்குத்தான் எழுதச் சொல்கிறேன்.

தபால் கூடத்திலேயே விசாரணை வைத்தார்கள். பதிமூன்று நாற்காலி, ஒரு நீள மேஜை. தபால்காரர்கள் சுவரோரம் நின்றார்கள். மூன்று மணிக்கு வைக்கச் சொன்னது மீட்டரம்மா, அவருக்கு விவரம் போதாது என்று யாரும் சொல்ல முடியாது. தலைவர் கோட்டும் டையுமாக வந்தவர், வேர்க்கவில்லை என்பதைக் கவனித்து ஒருதடவை மேலே பார்த்தார். விசிறி எதுவும் ஓடவில்லை.

என்னைக் கூப்பிட்டார்கள். தலைவரே எடுத்துக்கொடுத்தார். "பெரியவரே, இன்ஜினியர் திட்டம் போட்டுத்தானே திருப்பிக் கட்டச் சொன்னாரு?" என் மகன் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தான், ஆமாம் என்று சொல்லுங்கள் என்கிற மாதிரி.

தாளை மேஜையில் விரித்தேன். ஓட்டை விழுந்த இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்தேன், பழைய பழக்கம். பிறகு சொன்னேன்.

"இல்லைங்க. தாளைத் தலைகீழாப் பிடிச்சது என் கை. என் தங்கச்சி போட்ட அம்பு சரியா இருந்துச்சு. என்னைக் காப்பாத்த அவ தன்மேல பழியப் போட்டுக்கிட்டா. தெரிஞ்சும் நான் வாயத் தொறக்கல. அதை இன்னைக்குத் தொறக்கிறேன்."

ஒரு ஆள் முத்திரை குத்தக் கையைத் தூக்கியவன் அப்படியே நின்றான். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அப்படியென்றால் இது தப்பில் கட்டியதுதானே, ஃபைல் சரிதானே என்று இழுத்தார்.

அதற்குள் எனக்கும் வாய் சரளமாகிவிட்டது. "முதல் கட்டிடம் தப்புங்க. அடுத்த பதிமூணும் தப்பா? இது தப்புன்னா, தெரிஞ்சே திரும்பத் திரும்ப அந்தத் தப்பை எதுக்கு எங்கிட்ட கேட்டாங்க? அந்தச் சுவத்துல கைய வச்சுப் பாருங்க. அப்புறம் எதிர் மாளிகைக்குப் போய் அந்தக் கண்ணாடியில வைங்க. தோல் உரிஞ்சா என்னைக் கேக்காதீங்க."

தபால்காரர்கள் சிரித்தார்கள். தலைவருக்கும் வேறு வழி இல்லை, எழுந்து போய்ச் சுவரில் கையை வைத்தார். மணி மூன்றேகால். பெரிய இன்ஜினியர் வைத்த அதே இடம், ஒரு சாண் தள்ளி. எடுக்கவே இல்லை. நானும் மனதுக்குள் எண்ணினேன், முப்பது வரை போனது.

மீட்டரம்மா அந்த நேரம் பார்த்து ஐம்பது வருஷத்து மீட்டர் கணக்கையும் படித்தார். இடிப்பதற்கு ஆகிற செலவு, புதுசு கட்டுகிற செலவு, பிறகு அதைக் குளிரவைக்க ஒவ்வொரு மாதமும் அழுகிற செலவு எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்தார். இந்தப் பக்கம், மேல்தளத்துக்கு வெள்ளை பூசினால் போதும் என்றார். கமிட்டியில் ஏழு பேர். ஏழு பேரும் கையைத் தூக்கினார்கள், இடிக்க வேண்டாம் என்று. இனிமேல் கட்டப்போகிற மூன்று ஆபீசுக்கும் மேற்கே ஸ்டோர் ரூம், கிழக்கே ஆள் என்று அங்கேயே எழுதிக்கொண்டார்கள்.

ஆனால் நான் எழுந்திருக்கவில்லை. ஃபைல் என்ன ஆச்சு என்றேன். தலைவரே பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மீட்டரம்மா படித்துக் காட்டினார். "வரைபடம் சரியானது. வரைந்தவர் மேல் பிழை இல்லை." இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தார். இப்போது எனக்கு அது மனப்பாடம், மருமகள் எழுதியது சரியா என்று நீ ஃபைலோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இறகைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. அது நமக்குள் இருக்கட்டும். ஆனால் தாளைப் பார்த்த தலைவர், "அம்பு ரொம்ப அழகா இருக்கே" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க இருமல்தான் கைகொடுத்தது.

என் மகன் வாசலில் வந்து நின்றான். திட்டுவான் என்று பார்த்தேன். "அத்தையைப் போய்க் கூட்டிட்டு வரட்டுமாப்பா?" என்றான். ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறான், நீ கதவைத் திறந்து வை. எனக்கு முழங்கால் ஒத்துழைத்தால் நானும் கூட வருவேன். பஸ் ஸ்டாண்டுக்கு வராதவன் வீட்டுக்கே வருகிறேன்.

தாளைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டப் போகிறார்கள், சுண்ணாம்பு விரலோடு. வாசலில் ஒரு கல்லும் வைக்கிறார்கள், கட்டியவர்கள் பெயரெல்லாம் போட்டு. அந்தப் பெயர்கள் யாருக்கும் தெரியவில்லை, ஃபைலிலும் இல்லை. நான்தான் சொன்னேன், கல்வெட்டுகிறவர் எழுதிக்கொண்டார்.

கம்பி கட்டிய ஒற்றைக்காதன். மாடிப்படி வார்ப்புக்கு அவன் கட்டிய கம்பியை இன்றைக்கு வரைக்கும் துரு தொடவில்லை. போய்ச் சேர்ந்து இருபது வருஷம். கலவை தூக்கிய அக்கா தங்கை, பெரிய சிரிப்பும் சின்ன சிரிப்பும். ஒரே மழைக்காலத்தில் இரண்டு பேரும் போனார்கள், சின்னவள் முந்திக்கொண்டாள். எது கேட்டாலும் அப்புறம் பார்க்கலாம் என்கிற தச்சர், அவருக்கு அதுவே பெயர். பன்னிரண்டு ஜன்னலும் அவர் கை, ஒன்றுகூட இழுத்துப் பிடிப்பதில்லை. அவரும் இல்லை. சுவருக்குத் தண்ணீர் பிடித்த ஜட்ஜ், எல்லாச் சண்டைக்கும் தீர்ப்புச் சொல்லுவார், போனார். காவல்காரர் கொட்டாவி, தூக்கத்திலேயே போனார், அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. பைக்கை நிறுத்திய சின்ன இன்ஜினியர், சுவரில் கை வைத்த பெரிய இன்ஜினியர், அவர்களையும் சேர்க்கச் சொன்னேன். அவர்களும் இல்லை.

கல்வெட்டுகிறவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "எட்டுப் பேரு, உங்களோட ஒன்பது. அவ்வளவுதானா பெரியவரே? உங்களை விட்டா வேற யாரும் உசிரோட இல்லையா?" என்று கேட்டார்.

இருக்கிறாள், படம் போட்டவள், அவள் பெயரை எல்லோருக்கும் மேலே வெட்டு என்றேன். பெயர் என்ன என்றார். சொன்னேன்.

கோடு.